விஷ்ணுகிராந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

குமரி மாவட்டத்தில் மழை ஓய்ந்து வெயில் தெளிகிற நாட்களில், சரல் (பொடிக்கல்) கலந்த மேட்டு நிலத்துப் புல்லுக்கிடையே, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ ஒன்று தரையோடு ஒட்டிப் பூக்கிறது. விஷ்ணுகிராந்தி என்பது அதன் பெயர். விஷ்ணுகரந்தை என்றும் சொல்வார்கள். யாரும் விதைக்காத, விலைக்கு வராத, தோவாளைப் பூச்சந்தையில் ஒருவரும் எடைபோடாத இந்தப் பூவைத்தான், ஒரு பிள்ளை பெயர் சொல்லி அறிந்துகொள்ளும் முதல் காட்டுப்பூவாக வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களின் கண்ணுக்கு இது எட்டுவதில்லை. குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறுகிற ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

ஆனால் காட்டப் போகிறவர்களில் பலர் முதல் முறை ஏமாந்து திரும்புகிறார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக நானும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று, ஒரு பூவையும் காட்ட முடியாமல் அழைத்து வந்திருக்கிறேன். அப்படி நேர்ந்த பிழைகளையும் அவற்றின் காரணங்களையும், உங்களுக்கு எந்தக் குறை தென்படுகிறதோ அதைக் கொண்டே தேடிப் படிக்கும்படி கீழே எழுதியிருக்கிறேன். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றக் குறைகளில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: நேற்று காலையில் நிறையப் பூ இருந்தது, இன்று பிள்ளைகளோடு போனால் ஒன்றுகூட இல்லை

பெரும்பாலும் நீங்கள் போன நேரமே காரணமாக இருக்கும். விஷ்ணுகிராந்தி காலை வெயில் ஏறும்போது விரிந்து, நண்பகலை ஒட்டி மூடிக்கொள்ளும் பூ. ஒரு பூவுக்கு ஒரு காலைதான் ஆயுள். மறுநாள் அதே செடியில் விரிவது வேறொரு மொட்டு. மூடிய பூ நெல்மணியைவிடச் சிறிதாகச் சுருங்கிப் பச்சைப் புறவிதழ்களுக்குள் ஒடுங்கிவிடுவதால், காலையில் நீலம் தெளித்தது போலக் கிடந்த இடம் மதியத்தில் வெறும் புல்லாகவே தெரியும்.

நான் முதல் முறை பிள்ளைகளை அழைத்துச் சென்றது மதிய உணவுக்குப் பிறகு. காலையில் பள்ளிக்கு வரும் வழியில் நான் கண்டு வைத்திருந்த அதே வரப்பில் இரண்டு மணிக்குப் போய் நின்று, இங்கேதான் இருந்தது, இங்கேதான் இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "மக்ளே, உச்சைக்கு வந்தா அது கண்ணடைச்சிரும். வெயிலு மூக்கும் முன்ன வா" என்றார். வெயில் முற்றும் முன் வரவேண்டும் என்பது அதன் பொருள். அவருக்கு அந்தப் பூவின் பெயர் தெரிந்திருக்கவில்லை. அதன் நேரம் மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஆகவே, காலை எட்டு மணியிலிருந்து பத்தரைக்குள் பிள்ளைகள் அந்த இடத்தில் இருக்கும்படி திட்டமிடுங்கள். பள்ளியிலிருந்து செல்வதானால் முதல் பாடவேளையே இதற்கு ஏற்றது. முந்தின நாள் காலையிலேயே நீங்கள் மட்டும் போய், பூ இருக்கும் செடிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஈர்க்குக் குச்சியை ஊன்றி வைத்துவிட்டு வாருங்கள். வானம் மூடியிருக்கும் நாளில் பூக்கள் முழுதாக விரிவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அத்தகைய காலையில் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை.

இந்தப் பிழையையே ஒரு பாடமாக மாற்றிக்கொள்ளவும் முடியும். பள்ளி வளாகத்திலேயே செடி இருந்தால், ஒரு பூவுக்கு அருகில் ஈர்க்கை நட்டு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு ஆகிய மணிகளில் அதை வரைந்துவரச் சொல்லுங்கள். நான்கு படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பூவுக்கும் பொழுதுக்கும் உள்ள உறவைப் பிள்ளையே சொல்லிவிடும். என் வகுப்பில் ஒரு சிறுமி, விரிந்திருந்த ஒரு பூவின்மேல் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, இருட்டாக்கினால் இது சீக்கிரம் தூங்குமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்கள் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்குச் சிரட்டை, பக்கத்திலுள்ள இன்னொன்றுக்குத் திறந்த வெயில் என்று வைத்து, அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்க்கட்டும். விடையை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அறிகுறி: சரியான நேரத்தில்தான் போனோம்; எங்கும் புல்தான் தெரிகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இடம் தவறாக இருக்கலாம். அல்லது நீங்கள் நின்றுகொண்டு தேடிக்கொண்டிருக்கலாம்.

இடத்தை முதலில் சரிபார்ப்போம். ரப்பர் தோட்டத்து நிழலிலும், தண்ணீர் நிற்கிற ஏலாவின் (வயல்வெளியின்) நடுவிலும், முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்த இடத்திலும் இதைத் தேட வேண்டாம். வெயில் நேராக விழுகிற, தண்ணீர் வடிந்துவிடுகிற, ஆடு மாடு மேய்ந்தோ ஆள் நடந்தோ புல் குட்டையாக இருக்கிற நிலமே இதன் வீடு. தென்னந்தோப்பின் திறந்த ஓரம், குளக்கரை மேடு, விளையாட்டு மைதானத்தின் விளிம்பு, பாறையைச் சுற்றிய சரல் தரை, சிறு குன்றுகளின் அடிவாரம் போன்ற இடங்கள் பொருத்தமானவை. மலைமேல் முத்துக்குழிவயல் போன்ற பெரும் புல்வெளிகள் நம் மாவட்டத்தில் உண்டு என்றாலும், அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். இந்தப் பூவுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை.

காலமும் இடத்தோடு சேர்ந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெறுகிற மாவட்டம் இது என்பதால், மழைக்குப் பின் வெயில் வரும் எந்த இடைவெளியிலும் சில பூக்களைக் காணலாம். பிள்ளைகளோடு போவதற்கு மார்கழி, தை மாதங்களையே நான் தேர்ந்தெடுப்பேன். தரை சேறாக இருப்பதில்லை, புல்லும் காய்ந்துவிடுவதில்லை, காலை வெயிலும் தலையைச் சுடுவதில்லை.

இடம் சரியாக இருந்தும் பூ தெரியவில்லை என்றால், உட்காருங்கள். பூவின் விட்டம் அரை சென்டிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டது. நின்ற உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்த நீலம் புல்லின் நிழலோடு கலந்துவிடுகிறது. நான்கு முழக் கயிற்றின் இரு முனைகளையும் முடிச்சிட்டு வட்டமாக்கித் தரையில் போட்டு, ஒரு வட்டத்துக்கு நான்கு பிள்ளைகள் என்று சுற்றி உட்கார வையுங்கள். எல்லை குறுகினால் கண் கூர்மையாகும். ஐந்து நிமிடத்துக்குள் எந்த வட்டத்திலிருந்தாவது ஒரு கூச்சல் எழும்.

உட்காரும் முன் ஒரு கம்பால் தரையைத் தட்டிப் பாருங்கள். நெருஞ்சி முள்ளும் தொட்டாற்சுருங்கி முள்ளும் கட்டெறும்புப் புற்றும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பிள்ளைகளை அமர்த்துங்கள். செருப்பைக் கழற்ற விட வேண்டாம். புல் உயர்ந்து கண்ணுக்குத் தரை தெரியாத இடத்தில் பிள்ளைகளை விடவே கூடாது. அங்கே இந்தப் பூவும் இருக்காது.

அறிகுறி: நீலப் பூ கிடைத்துவிட்டது, ஆனால் அதுதானா என்று ஐயமாக இருக்கிறது

இந்த ஐயம் நல்லது; இதைத் தீர்க்கும் வேலையில்தான் பிள்ளைகள் மிகுதியாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவசரப்பட்டு ஆம், இல்லை என்று சொல்லிவிடாமல், பூவின் இதழ்களை எண்ணச் சொல்லித் தொடங்குங்கள்.

மூன்று இதழ்கள்தாம் இருக்கின்றன, அவற்றில் இரண்டு பெரியவை, பூவோ ஒரு மடித்த பச்சை இலைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது என்றால், அது கானாவாழை. அதுவும் நீலம், அதுவும் காலையில் விரிந்து நண்பகலில் மறைவது என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. அதன் இலையைத் தொட்டுப் பார்த்தால் சதைப்பற்றாகவும், நரம்புகள் நெல் இலையில் இருப்பது போல நீளவாக்கில் ஓடுவதாகவும் இருக்கும்.

பூ வெள்ளை நிறம், இலை வட்டம், தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பாய் போல மூடியிருக்கிறது என்றால், அது விஷ்ணுகிராந்தியின் நெருங்கிய உறவு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் புல்தரைகளில் பரவியிருக்கும் வேறோர் இனம். நாற்றங்காலில் வாங்கிய தொட்டியில், இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு அடர் நீலமாகப் பூத்திருந்தால், அது பிரேசிலைச் சேர்ந்த இன்னோர் உறவு. விற்பவர்கள் அதையும் விஷ்ணுகிராந்தி என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. அழகான செடிதான், ஆனால் நம் வரப்பில் பூப்பது அது இல்லை.

இப்போது உண்மையான பூவுக்கு வருவோம். ஒரு கைலென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண லென்ஸே போதும். இதழ்கள் ஐந்து போலத் தோன்றினாலும் அவை அடியில் ஒட்டி ஒரே தட்டாக, சிறிய குடையைத் தலைகீழாகப் பிடித்தது போல விரிந்திருக்கும். நடுவில் வெண்மை. அந்த வெண்மையிலிருந்து ஐந்து மகரந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்கும். அவற்றுக்கிடையே இரண்டு சூல்தண்டுகள் எழுந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்து, முடியில் நான்கு நுனிகளாக முடியும். இந்த இரண்டு நான்காகும் கணக்கே இந்தப் பேரினத்தின் அடையாளம். இதைக் கண்டுவிட்டால், நாம் தேடி வந்த பேரினத்துக்குள்தான் நிற்கிறோம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

பூவை விட்டு இலைக்கு வாருங்கள். சிறிய, நீள்வட்டமான இலைகள். தண்டிலும் இலையிலும் பட்டு போன்ற மெல்லிய மயிர்கள். காலை வெயிலுக்கு எதிரே தண்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்த மயிர்களின் ஓரம் வெள்ளிக் கோடாக ஒளிரும். பனி பெய்த காலையாக இருந்தால், தொட்டும் தொடாமலும் நீர்த்துளிகள் அந்த மயிர்களின் மேலேயே நிற்பதைக் காணலாம். அதைப் பார்த்த பிள்ளை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். நான் பலமுறை கண்டிருக்கிறேன். காய் சிறு உருண்டை, காம்பு வளைந்து கீழ்நோக்கித் தொங்கும். முற்றி வெடித்தால் உள்ளே நான்கு விதைகள் வரை இருக்கும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு, கடலோரத்துப் பிள்ளைகளுக்கு மிகவும் உகந்தது. முட்டம், சங்குத்துறை போன்ற கடற்கரைகளின் மணல்மேட்டில் படரும் அடம்புக்கொடியின் இளஞ்சிவப்புப் பூவை அவர்கள் அறிவார்கள். சீனிக்கிழங்கின் பூவையும் சிலர் பார்த்திருப்பார்கள். அடம்பு, சீனிக்கிழங்கு, விஷ்ணுகிராந்தி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். அடம்பும் சீனிக்கிழங்கும் கொடியாக ஓடுகின்றன. விஷ்ணுகிராந்தியோ எதையும் சுற்றுவதில்லை, தரையில் கை விரித்ததுபோலப் பரவிச் சற்றே தலை நிமிர்கிறது. எவால்வுலஸ் என்னும் அறிவியல் பேரினப் பெயருக்கே சுற்றாதது, முறுக்கவிழ்ந்தது என்றுதான் பொருள். செடிகளுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் 1753-இல் இதைச் சுற்றிப் படரும் செடிகளின் பேரினத்தில் வைத்துவிட்டு, 1762-இல் அங்கிருந்து எடுத்து இந்தப் பெயரின் கீழ் வைத்தார். பெயரிட்டவரே ஒருமுறை திருத்திக்கொண்டார் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடையாளம் தவறிய பிள்ளை வெட்கப்படாமல் மறுபடி லென்ஸை எடுக்கும்.

அறிகுறி: வீட்டிலுள்ள பெரியவர்கள் வேறொரு செடியைக் காட்டி, இதுதான் அது என்கிறார்கள்

பெயர் பலவாக இருப்பதால் நேரும் குழப்பம் இது. பெரியவர்கள் மேல் தவறில்லை. கரந்தை என்ற சொல்லைக் கேட்டதும், அறுவடை முடிந்த வயலில் ஊதா உருண்டைகளாகப் பூக்கும் கொட்டைக்கரந்தையைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது வேறு செடி. விஷ்ணுகிராந்தி என்ற வடமொழிப் பெயர் சில மரபுகளில் சங்குப்பூவுக்கும் வழங்குவதால், வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூவைக் காட்டுவோரும் உண்டு. இரண்டையும் வாங்கி, நன்றி சொல்லி, விஷ்ணுகிராந்தியின் படத்தோடு அருகருகே வைத்துப் பிள்ளைகளையே ஒப்பிடச் சொல்லுங்கள்.

விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் உள்ள வீடுகளில் வேறொரு கதவு திறக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த நிலம் இது. மலையாள மரபில் தசபுஷ்பம் எனப்படும் பத்துச் செடிகளுள் விஷ்ணுகிராந்தியும் ஒன்று. அறுகம்புல், முயற்செவி, நிலப்பனை, சிறுபூளை, கரிசாலை, முடக்கற்றான் ஆகியவையும் அந்தப் பத்தில் சேர்ந்தவை. கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடி மாதத்தில், பெண்கள் இவற்றைத் தலையில் சூடுவது வழக்கம். ஆகவே, இந்தப் பூவின் பெயரைக் கேட்டு வரும்படி பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால், பாட்டியிடமிருந்து பத்துச் செடிகளின் பெயர்களோடு அது திரும்பி வரலாம்.

பெயரின் பொருளையும் சொல்லிவிடுங்கள். கிராந்தி என்னும் பகுதிக்கு அடி எடுத்து வைத்தல் என்பது கருத்து. விஷ்ணு கால்வைத்த இடம் என்று விரியும். ஓணக் கதையில் மூவடி மண் கேட்ட வாமனனை அறிந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். அதைச் சொல்லி முடித்ததும், அவர்கள் தங்கள் காலடியைத் தூக்கிப் பார்த்துப் பூவை மிதித்துவிட்டோமா என்று தேடத் தொடங்குவார்கள்.

அறிகுறி: "டீச்சர், பூவு பறந்து போச்சு"

பிள்ளை பொய் சொல்லவில்லை. குட்டைப் புல்லில் தாழப் பறந்து, தரையோடு ஒட்டிய பூக்களில் தேன் குடிக்கும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் உண்டு. சிறகை விரித்து உட்கார்ந்தால் அவற்றின் நீலமும் அளவும் விஷ்ணுகிராந்தியை ஒத்திருக்கும். சிறகை மூடினால் சாம்பல் நிறமும் அதில் கரும்புள்ளிகளும் தெரியும். அந்தப் பிள்ளையை அதே இடத்தில் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். இரண்டொரு நிமிடத்தில் பூச்சி திரும்பி வரும். இம்முறை உண்மையான பூவின் மேலேயே அமரவும் கூடும். சிறு தேனீக்களும் வரும். அவற்றைக் கையால் பிடிக்க முயலாமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லிவையுங்கள்.

அறிகுறி: பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் சலித்துப்போய் ஓடத் தொடங்குகிறார்கள்

நாம் அதிகம் பேசிவிட்டோம் என்பதே இதன் பொருள். இந்தச் செடி சித்த மருத்துவத்தில் காய்ச்சல் முதலியவற்றுக்குப் பயன்படுகிறது என்பதையும், குடும்பப் பெயரையும், பிறவற்றையும் வரிசையாக ஒப்பித்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? மருந்து பற்றிய பேச்சுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மருந்து என்று கேட்ட பிள்ளை வாயில் வைத்துப் பார்க்க நினைக்கும். புல்வெளியில் எந்தச் செடியையும் சுவைக்கக் கூடாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையைக் கொடுங்கள். உன் வட்டத்தில் எத்தனை விரிந்த பூ, எத்தனை மொட்டு, எத்தனை காய் என்று எண்ணச் சொன்னால் பத்து நிமிடம் சத்தமில்லாமல் போய்விடும். குப்புறப் படுத்துக்கொண்டு, பூவின் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். புல்லெல்லாம் மரமாகவும் எறும்பு மாடாகவும் தெரிகிறது என்று ஒரு பையன் எனக்குப் பதில் சொன்னான். படம் வரையும் பிள்ளைக்கு, பூவை இருக்கும் அளவில் ஒருமுறையும் உள்ளங்கை அளவில் ஒருமுறையும் வரையச் சொல்லுங்கள். இரண்டாவது படத்துக்காக அது லென்ஸைக் கேட்டு வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆர்வம் வராது. ஓடுகிற பிள்ளையை அதட்டி உட்கார வைத்தால், இந்தப் பூவின் நினைவோடு அந்த அதட்டலும் ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: "புத்தகத்தில் வசந்தப் பூ பனிக்கு நடுவே பூக்கிறதே, நம் ஊரில் ஏன் இல்லை?"

படக்கதைப் புத்தகம் படிக்கும் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள். குளிர்நாட்டுப் புல்வெளிகளில் பனி உருகத் தொடங்கும்போதே, உடலெல்லாம் மென்மயிர் போர்த்தி, ஊதா நிறத்தில் தலைநீட்டும் ஒரு பூ உண்டு. ஈஸ்டரை ஒட்டிப் பூப்பதால் அதற்குப் பாஸ்கா மலர் என்னும் பொருளில் பெயர் வழங்குகிறது. பாஸ்கா என்ற சொல்லை நம் கடலோர ஊர்ப் பிள்ளைகள் மாதா கோயிலில் கேட்டு அறிந்தவர்கள் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் மலர்வார்கள். கனடாவின் மானிட்டோபா மாநிலம் அதை 1906-இல் தன் மாநில மலராக ஏற்றுக்கொண்டது.

இரண்டு பூக்களையும் ஒப்பிடுவதால் நன்மையே உண்டு. இரண்டும் புல்வெளியில் தாழப் பூப்பவை, இரண்டுக்கும் பட்டு மயிர் உண்டு. அதற்கு மயிர் குளிரைத் தாங்கும் போர்வையாக உதவுகிறது, இதுவோ சுடு வெயிலிலும் வறண்ட சரலிலும் வாழ்கிற செடி. தமிழ் மரபில் ஆண்டுக்கு ஆறு பருவங்கள். மார்கழியும் தையும் முன்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். நம் புல்வெளியின் வசந்தத்தை நாட்காட்டியில் தேடாமல், மழைக்குப் பின் வருகிற முதல் தெளிந்த காலையில் தேடச் சொல்லுங்கள்.

அறிகுறி: கைப்பேசியில் எடுத்த படத்தில் பூ மங்கலாகவோ வெளிறியோ இருக்கிறது

மங்கலுக்குக் காரணம் காற்றாகவோ, பின்னாலுள்ள புல்லின்மேல் கூர்மை பதிந்ததாகவோ இருக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகளைக் காற்று வரும் பக்கத்தில் சுவராக உட்கார வைத்து, திரையில் பூவின்மேல் விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். நேர் வெயிலில் நீலம் வெளிறிவிடும் என்பதால் உங்கள் உடலின் நிழல் பூவின்மேல் விழும்படி உட்காருங்கள். அளவு தெரிய ஒரு தீக்குச்சியைப் பக்கத்தில் வையுங்கள்.

அறிகுறி: பறித்த பூ வீடு வருமுன் சுருங்கிவிடுகிறது, பிடுங்கி நட்ட செடியும் காய்ந்துவிடுகிறது

பறித்த பூவைக் காப்பாற்ற வழியில்லை. பறிக்காமல் வரைவதே நல்லது. கட்டாயம் ஒரு மாதிரி வேண்டுமென்றால், ஒரே ஒரு சிறு கிளையை ஒன்பது மணிக்கு முன்பு எடுத்து, அந்த இடத்திலேயே செய்தித்தாளின் மடிப்புக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றுங்கள். நீலம் நாளடைவில் மங்கிப்போகும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

செடியைப் பிடுங்கி நடுவது மேலும் பெரிய பிழை. மேலே ஒரு சாண் அளவுக்குப் பரவியிருக்கும் இந்தச் சிறு செடிக்கு, கீழே கட்டையாக இறுகிய வேர் இருக்கிறது. சரலில் இறங்கியிருக்கும் அதை அறுபடாமல் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். விதையிலிருந்து வளர்த்துப் பாருங்கள். பழுப்பு நிறமாகி வெடிக்கத் தொடங்கும் காய்களில் சிலவற்றை மட்டும் எடுத்து, விதைத்தோல் கடினமாக இருப்பதால் உப்புக்காகிதத்தில் மெல்ல உரசி, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, அகன்ற மண்சட்டியில் சரல்மண்ணும் மணலும் சரிபாதி கலந்து மேலாகத் தூவுங்கள். முளைத்த பிறகு செடி மஞ்சளாகி அழுகினால், அது அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீராலும் சாணி உரத்தாலும் வந்த குறை. மேல்மண் காய்ந்த பிறகே நீர் தெளியுங்கள். எரு போட வேண்டாம். முழு வெயிலில் வையுங்கள்.

அறிகுறி: சென்ற ஆண்டு பூத்த இடத்தில் இந்த ஆண்டு ஒன்றுமே இல்லை

இந்த அறிகுறிதான் எனக்கு மனத்தை வருத்துவது. முதலில், புல் உயர்ந்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மேய்ச்சல் நின்றுபோன நிலத்தில் உயரமான புல் இந்தச் செடியின் வெயிலைப் பறித்துவிடும். அப்படியானால் காய்கள் வெடித்து விதை விழுந்த பிறகு, கணுக்கால் உயரத்துக்கு மேலே புல்லை அரிவாளால் அரிந்துவிட்டாலே போதும். வேர் பெரும்பாலும் கீழே உயிரோடுதான் இருக்கும். மண்வெட்டியால் தரையோடு செதுக்கியிருந்தாலும் மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்க வாய்ப்புண்டு. களைக்கொல்லி அடித்திருந்தாலோ, வெளிமண் கொட்டி நிரப்பியிருந்தாலோ, இன்டர்லாக் கல் பதித்திருந்தாலோ அந்த இடத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அருகில் எஞ்சியிருக்கும் செடிகளின் விதையை எடுத்து, கல் பதிக்காத ஒரு மூலையில் தூவிவிடுங்கள்.

நாங்கள் போகும் மைதானத்திலும் ஓர் ஆண்டு தூய்மைப்படுத்தும் பணியில் புல் முழுவதும் செதுக்கப்பட்டுவிட்டது. அடுத்த முறை வேலை தொடங்கும் முன், புல் செதுக்க வரும் அக்காவைப் பிள்ளைகளே காலை ஒன்பது மணிக்கு அழைத்துச் சென்று பூவைக் காட்டினார்கள். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இம்புட்டுக்கூண்டு பூவா" என்று கேட்டார். பிறகு சுவரோரம் கிடந்த செங்கல் துண்டுகளில் நான்கை எடுத்து வந்து, செடிகள் இருந்த இடத்தைச் சுற்றி மூலைக்கு ஒன்றாக வைத்தார். கற்கள் இப்போதும் அங்கேயே இருக்கின்றன; தை மாதத்தில் அவற்றுக்கு நடுவே எண்ணினால், காலைக்கு ஏழெட்டுப் பூ தேறும்.